உள்ளிருந்து திறக்க ஒரு கருவி

சிங்காநல்லூர்,
3.6.2025

திரு. நஞ்சுண்டன் அவர்களுக்கு,

வணக்கம். முதலில் ஒரு திருத்தம். நான் கைப்பையில் கத்தி வைத்துக்கொண்டு நடமாடுவதாக ஒரு பேச்சு உலவுகிறது. மில்லில் உங்களோடு வேலை பார்த்த கதிர்வேல் போன வாரம் கோயிலில் என்னை நிறுத்தி, "ஏனுங்கம்மா, ஆராச்சும் மெரட்டறாங்களா?" என்று கேட்டார். அவர் காதுக்கு வந்தது உங்கள் கொடுமுடிக்கும் வந்திருக்கும். அது கத்தி அல்ல. மடக்கினால் கைக்குள் அடங்கும் மல்டி டூல். குறடு, திருப்புளி, அரம், கத்தரி என்று ஒன்பது உறுப்புகள் அதில் உண்டு. ஒன்பதில் ஒன்று கத்தி. புது மூக்குக் கண்ணாடி வாங்கப் போன வணிக வளாக வாசலில், காவலுக்கு நின்ற பெண் என் பையைச் சோதித்தபோது அந்த ஒன்றைத்தான் விரித்துப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற எதிர்வீட்டு புவனாவும் அதை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

செய்தி என் மகன் சசிதர் வரைக்கும் கனடாவுக்குப் போய்விட்டது. ஆகஸ்ட் நடுவில் வருகிறான். நான் இந்த வீட்டில் தனியாக இருக்கலாமா, முதியோர் குடியிருப்பில் சேர வேண்டுமா என்று வந்ததும் முடிவு செய்யப் போகிறானாம். முடிவு செய்யப் போகிறவன் அவன். குடியிருக்கப் போகிறவள் நான். என் காரியங்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவனுக்குக் காட்டியாக வேண்டும்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் வாங்கிய கருவி இது. ஒரு சாதாரண ஸ்குரூவைத் திருப்பியதற்கே திருப்புளி முனை முறுக்கிக்கொண்டது. தரமான ஒன்று எனக்கு வேண்டும். கீழ்க்கண்டவை அவசியம்: துருப்பிடிக்கக் கூடாது. திருப்புளி சுண்டுவிரல் நீளமாவது இருக்க வேண்டும். ஈரத்தில் வழுக்கக் கூடாது. வீட்டு உடையின் பையில் அடங்க வேண்டும்.

என் கணவருக்குக் கீழே இருபத்தாறு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர் நீங்கள். அவர் போன பிறகு நான்கு வருஷமாக இந்தப் படி ஏறவில்லை. அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. கருவிகளில் உங்களைவிட நல்ல கண் உள்ளவர் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் மட்டும் கேட்கிறேன். போனில் வேண்டாம். போனில் பாதியைக் கேட்கிறேன், பாதியை யூகிக்கிறேன். யூகத்தின் பேரில் இரும்புச் சாமான் வாங்க முடியாது.

இப்படிக்கு,
பத்மாவதி

கொடுமுடி,
10.6.2025

அம்மணிக்கு நஞ்சுண்டன் வணக்கமுங்க.

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாருங்க. கத்திக் கதை இங்கேயும் வந்தது. நான் நம்பவில்லை. நீங்கள் கத்தி எடுக்கிற ஆள் இல்லை, அதற்கு முன்னாலேயே பேச்சில் முடித்துவிடுவீர்கள் என்று கதிர்வேலிடம் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமுங்க.

மல்டி டூல் என்றால் ஆளாளுக்கு எத்தனை உறுப்பு என்று எண்ணுவார்கள். எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. இருபது இருந்தாலும் ஆட்கள் புழங்குவது மூன்றுதான். குறடை மூடி விளக்குக்கு நேரே பிடியுங்க. நுனி இரண்டும் சேரும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வாங்க. உறுப்பை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்க, ஆடக் கூடாது. விரித்தது தானாக மடங்காமல் பூட்டு விழ வேண்டும். பூட்டு இல்லாததில் விரல் போய்விடும். மில்லில் ரெண்டு பேருக்குப் போயிருக்கிறது, உங்களுக்கே தெரியும்.

நகத்தை விட்டு நெம்பித் திறக்கிற மாதிரி வேண்டாமுங்க. நம் வயசுக்கு நகம்தான் பிய்யும். வெளிப்பக்கம் கட்டைவிரலால் தள்ளினால் வருகிற மாதிரி பாருங்க.

ஆனால் ஒன்று. கருவி வாங்குவதற்கு முன்னால் வேலையைச் சொல்ல வேண்டும். எதற்கு வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லைங்க.

நஞ்சுண்டன்

சிங்காநல்லூர்,
15.6.2025

திரு. நஞ்சுண்டன் அவர்களுக்கு,

குறிப்புகளுக்கு நன்றி. வேலை என்னவென்று கேட்டிருந்தீர்கள். கூரியர் உறைகளைப் பிரிக்க. மூக்குக் கண்ணாடியின் ஸ்குரூவை முறுக்க. குக்கர் கைப்பிடி தளர்ந்தால் இறுக்க. ஒரு வீட்டில் இவை போதாதா? இவற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஆள் தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. போன மாதம் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற வந்தவன் என்னைப் "பாட்டி" என்று கூப்பிட்டான். நான் அவனுக்குப் பாட்டி அல்ல என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவன் போனை எடுப்பதில்லை.

நீங்கள் சொன்ன சோதனைகளை எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு கடைகளுக்குப் போனேன். ஒரு கடையில் குறடை விளக்குக்கு நேரே பிடித்ததும் அந்த ஆள், "அம்மா, இது எக்ஸ்ரே இல்லீங்க" என்றான். வெளிச்சம் தெரிந்தது, வைத்துவிட்டு வந்தேன். இன்னொன்றில் எல்லாம் சரி, கால் கிலோவுக்கு மேல் எடை. உடைப் பையில் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது.

நம்பகமான கடை ஒன்றின் பெயரை எழுதினால் போதும்.

பத்மாவதி

கொடுமுடி,
21.6.2025

அம்மணிக்கு,

காந்திபுரத்தில் இஸ்மத் பாய் கடைக்குப் போங்க. நான் அனுப்பினேன் என்று சொன்னால் உள் அலமாரியைத் திறப்பார். வெளியே தொங்குவதை வாங்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதை சின்னாத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரி பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் காது கூர்மை. "உறை பிரிக்கறதுக்கு ஈரத்துல வழுக்காதது எதுக்குங்க?" என்றாள். எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்ததுங்க. வெளியே போகிற ஆள் கைப்பைக்குத்தான் அளவு கேட்பார்கள். நீங்கள் வீட்டு உடைப் பைக்குக் கேட்கிறீர்கள். திருப்புளி நீளமாக வேண்டும் என்கிறீர்கள். துரு ஆகாது, ஈரம் ஆகாது.

தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டுமுங்க. வாங்குவதற்கு முன்னால் கையில் சோப்புப் போட்டுக்கொண்டு திறந்து பாருங்க. சோப்புக் கையில் திறந்தால்தான் அது உங்களுக்கு ஆகும்.

நஞ்சுண்டன்

சிங்காநல்லூர்,
28.6.2025

திரு. நஞ்சுண்டன் அவர்களுக்கு,

சின்னாத்தாளிடம் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் கவனமாக எழுதியிருப்பேன். இந்தக் கடிதம் உங்கள் இருவரைத் தாண்டிப் போகக் கூடாது. முக்கியமாகக் கதிர்வேலுக்கு.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குக் குளிக்கப் போனேன். குளித்து முடித்துத் தாழ்ப்பாளை இழுத்தால் வரவில்லை. கட்டிய நாளிலிருந்து இருக்கிற பித்தளைத் தாழ்ப்பாள். உள்ளே ஏதோ இறுகிவிட்டது. போன் கூடத்தில் இருந்தது. வேலைக்காரி இரண்டு நாள் விடுப்பு.

நான் வெளியே வந்தது மாலை நாலரை மணிக்கு.

நாக்கு வழிக்கும் எவர்சில்வர் பட்டையை மடித்து, அதன் விளிம்பால் ஐந்து ஸ்குரூக்களைக் கழற்றினேன். ஆறாவது அசையவில்லை. வாளியின் கைப்பிடியைப் பிடுங்கி நெம்பினேன். மரத்தோடு வந்தது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மரத்தைச் சேதப்படுத்தியது மட்டும்தான் வருத்தம். அந்தத் தாழ்ப்பாளையே கொஞ்சம் கீழே தள்ளி நானே மறுபடி பொருத்திவிட்டேன்.

கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிடவில்லை. பதினோரு மணி இருக்கும், ஜன்னல் பக்கம் புவனா யாருடனோ பேசிக்கொண்டே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டடி தூரம்கூட இல்லை. "புவனா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். காப்பாற்று என்று ஒருவரைக் கூப்பிட எந்தக் குரலை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபத்துமூன்று வயதில் நான் அதைச் செய்ததே இல்லை. அவள் துணி போட்டு முடித்து உள்ளே போய்விட்டாள்.

வெளியே வந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்துப் பார்த்தேன். எத்தனை பேர் தேடியிருப்பார்களோ, என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒரு அழைப்பும் வரவில்லை. ஆறரை மணி நேரம். நான் தொலைந்துபோனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சசிதருக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே முடிவு செய்துவிடுவான்.

இஸ்மத் பாய் கடைக்கு நேற்றுப் போனேன். சோப்பும் தண்ணீரும் கேட்டதற்கு, "கை கழுவணுங்களாம்மா?" என்றார். இல்லை, சோப்பாக்க வேண்டும் என்றேன். ஒன்றும் கேட்காமல் கொண்டு வந்தார். நாலு கருவிகளைச் சோப்புக் கையால் திறந்தேன். மூன்று வழுக்கின. நாலாவது, கைப்பிடியில் வரி வரியாகச் செதுக்கியது, இருநூறு கிராமுக்கும் குறைவு. கட்டைவிரலுக்கு உடனே பணிந்தது. வாங்கிவிட்டேன். "நஞ்சுண்டண்ணன் அனுப்பற ஆளுக எல்லாம் இப்படித்தானுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, அவரைப் பார்த்து நான்கு வருஷமாகிறது என்றேன்.

பத்மாவதி

கொடுமுடி,
6.7.2025

அம்மணிக்கு,

கடிதத்தை ரெண்டு தடவை படித்துக் காட்டினேனுங்க. அப்புறம் சின்னாத்தாள், "அந்தம்மா நாக்கு வழிக்கறதுலயே ஆறு ஸ்குரூ கழட்டியிருக்காங்க. உங்களுக்கு ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தறதுக்கு ஆள் வேணும்" என்றாள். ஐந்துதான் என்று நான் திருத்தினேன். நீங்கள் இருந்திருந்தால் நீங்களே திருத்தியிருப்பீர்கள்.

நல்ல கருவிதான் எடுத்திருக்கிறீர்கள். மாதம் ஒரு தடவை மூட்டில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்க. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபம் கூடாதுங்க. தனியாக இருக்கிற வீட்டில், வாசல் கதவும் பூட்டி இருக்கும்போது, குளியலறைக்கு எதற்குத் தாழ்ப்பாள் போடுகிறீர்கள்? அதைப் போடாமல் இருந்தால் கருவியே வேண்டாமே?

நான் நேரில் வந்து அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்திருப்பேன். நான்கு வருஷமாக நான் படி ஏறவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி எழுத உட்காரவில்லை என்றீர்கள், ஆனாலும் எழுதியிருந்தீர்கள். அதனால் சொல்கிறேன். சாரை எடுத்த அன்றைக்கு, தூக்கினவர்கள் பின்னால் கிளம்பும்போது நான் வாய் தவறி "அப்ப வாரேனுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, எனக்குத் தெரியாதா. இருபத்தாறு வருஷம் அந்த வாசலில் நின்று சொல்லிச் சொல்லி நாக்கு தானாகச் சொல்லிவிட்டதுங்க. அதற்கு நீங்கள் அத்தனை சனத்துக்கு முன்னால் "வர வேண்டாம், போங்க" என்றீர்கள். உங்கள் வீட்டில் நீங்கள் சொன்ன பிறகு நான் எப்படிங்க வருவேன்? பதினாறாம் நாளுக்குக்கூட தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன்.

நஞ்சுண்டன்

சிங்காநல்லூர்,
12.7.2025

திரு. நஞ்சுண்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இதிலும் ஒரு திருத்தம் இருக்கிறது.

நான் சொன்னது "வர வேண்டாம், போங்க" அல்ல. "வாரேன் வேண்டாம், போங்க." வாரேன் என்கிற அந்தச் சொல் வேண்டாம், சொல்லாமல் போங்கள் என்று. வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் காதில் பாதிதான் விழுந்திருக்கும். நான் திருத்தியது உங்கள் சொல்லை. உங்களை அல்ல.

அதை அன்று திருத்தியிருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. கன்னியாஸ்திரீகளிடம் படித்த காலத்திலிருந்து ஒரு பிழை காதில் விழுந்தால் எனக்கு வாய் நிற்காது. அவரைத் தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில்கூட நிற்கவில்லை. மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் உங்கள் இலக்கணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வராமல் போனதும் நான் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். சார் இருந்த வரைக்கும்தான் உறவு என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நீங்கள் வழக்கம்போல வருவீர்கள் என்று டிகாக்‌ஷனில் ஒரு கரண்டி பொடி கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை வாரம் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு கேள்வி கேட்டிருந்தீர்கள், எதற்குத் தாழ்ப்பாள் போடுகிறேன் என்று. கோபம் இல்லை. முதலில் பழக்கம் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். உண்மை இதுதான்: கதவைத் திறந்து போட்டுக் குளித்தால், வீட்டில் யாரும் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. தாழ்ப்பாள் போட்டால் வெளியே யாரோ இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இதைச் சின்னாத்தாளுக்குப் படித்துக் காட்டலாம்.

பத்மாவதி

கொடுமுடி,
19.7.2025

அம்மணிக்கு,

சங்குச் சத்தம் இருந்ததுங்க. இப்போது ஞாபகம் வருகிறது. நான்கு வருஷம் நான் ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். சின்னாத்தாள் இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. "போயி ஒருக்கா கேட்டிருந்தா என்னங்க?" என்கிறாள்.

உடனே கிளம்பியிருப்பேன். போன மாதம் முட்டி ஆபரேஷன் ஆனதுங்க, உங்களுக்குச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மாதம் பஸ் படிகூட ஏறக் கூடாது. பஸ் பார்சலில் ஒரு தாழ்ப்பாள் அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருந்து போடலாம். இறுகினால் வெளியே இருந்து ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினாலே திறக்கும். தாழ்ப்பாளை விட வேண்டாமுங்க. போட்டுக்கொண்டே குளியுங்க.

வெளியே இருந்து திருப்ப ஒரு ஆள் வேண்டும். அதை என்னால் பார்சலில் அனுப்ப முடியவில்லை. சசிதர் தம்பி வரும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்க.

நஞ்சுண்டன்

சிங்காநல்லூர்,
18.8.2025

அன்புள்ள நஞ்சுண்டன் அவர்களுக்கு,

சசிதர் வெள்ளிக்கிழமை வந்தான். தாழ்ப்பாளை அவன்தான் பொருத்தினான், என் கருவியால். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்கு மாற்றுகிறோம் என்று கேட்டான். முழுவதும் சொன்னேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

மேஜையில் இருந்த கருவியை எடுத்து ஒவ்வொரு உறுப்பாக விரித்துப் பார்த்தான். "நல்ல டூல்மா. உள்ள மாட்டிக்கிட்டா நீங்க தொறந்துருவீங்க. மயங்கி விழுந்துட்டா?" என்றான். நீங்கள் சொன்ன சோதனைகளில் அது இல்லை.

அன்று மாலை எதிர்வீட்டு மணியை அடித்தேன். வாசல் சாவியின் இன்னொரு பிரதியைப் புவனாவிடம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, அந்தக் கத்தியக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றாள். கத்தி அல்ல என்று சொல்லித்தான் காட்டினேன். தனக்கும் ஒன்று வேண்டுமாம்.

சாவி மட்டும் போதாது என்கிறான் சசிதர். அவனுடைய நிபந்தனை இது. தினமும் காலை எட்டு மணிக்குள் நான் ஒருவருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். வராவிட்டால் அந்த ஒருவர் புவனாவுக்குப் போன் செய்ய வேண்டும். புவனாவையே வைத்துக்கொள்ளலாமே என்றேன். அவள் காலையில் வேலைக்கு ஓடுகிறவள், கவனிக்க மாட்டாள். எட்டு மணியானதும் போனைப் பார்க்கிற ஆளாக இருக்க வேண்டும் என்கிறான். "ஒரே ஒரு பேரு சொல்லுங்கம்மா. சொந்தமா இருக்கணும்னு இல்ல. நீங்க கூப்பிடலன்னா அன்னிக்குத் தெரிஞ்சுக்கற ஒருத்தர்." அப்படி ஒருவர் இருந்தால் நான் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் செப்டம்பரில் அந்தக் குடியிருப்பு.

உடனே சொல்லிவிடுவேன் என்று நினைத்துத்தான் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் காபியைக் குடித்து முடித்தான். என்னுடையது ஆறிப்போனது. காகிதம் அப்படியே இருந்தது. அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அது நல்ல பழக்கம்; அவன் அப்பாவுடையது.

உங்கள் பெயரை எழுதலாமா?

நீங்கள் போனை எடுக்க வேண்டியதில்லை. மணி அடித்தால் போதும், பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் அடிப்பேன். உங்கள் முட்டி சரியாகிற வரைக்கும் வேறு எதுவும் கேட்க மாட்டேன். கொடுமுடி தூரம் என்று சசிதர் சொல்லலாம். அதற்கு நான் பதில் வைத்திருக்கிறேன்.

அவன் 27ஆம் தேதி கிளம்புகிறான். அவனிடம் காட்ட வேண்டியிருப்பதால் சம்மதத்தைக் கையெழுத்துப் போட்டு, அதற்கு முன்னால் வந்து சேரும்படி எழுதுங்கள். சம்மதம் இல்லை என்றாலும் எழுதுங்கள்.

பத்மாவதி